நல்ல தண்ணி

மூன்றாவது தடவையாக ஒரு குடும்பமே செத்துக் கிடந்தது. ரத்தம் இல்லை, கூச்சல் இல்லை, கதவு உடைபடவில்லை. போலீஸுக்குச் சொன்னால் டீ குடித்துக்கொண்டே சிரிப்பார்கள் என்பதால், பல் டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தன் கூடப்பிறந்த தம்பிக்குப் போன் போட்டாள். தம்பிக்குத் தொழிலே துப்பறிவதுதான்.

அவனை எல்லோரும் கழுகு என்று கூப்பிடுவார்கள். அலுவலகப் பலகையில் கழுகுப் படம் போட்டது அவனே தேடிக்கொண்ட வினை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் நாலடி தள்ளி நிற்பது ஆளா அலமாரியா என்று கழுகுக்குத் தெரியாது. கூட வந்த உதவியாளரின் பெயர் சுருக்கு. பதினெட்டு வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதிவிட்டு வேலையை விட்டவள். சுருக்கமெல்லாம் கையோடு சரி, வாய்வரைக்கும் வந்து சேரவில்லை.

"பிணம் எங்க பாஸ்?" என்றாள், க்ளினிக்கின் காத்திருப்பு அறைக்குள் நுழைந்ததும்.

"உங்க மூக்குக்கு நேரா."

சுவரோரம் ஐந்தடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. நீல விளக்கு, இரண்டு பக்கமிருந்தும் தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறிகள், மணல், பாறைகள். பாறைகளின் மேல் விரல் விரலாக ஒட்டவைத்த பவளக் கிளைகள். போன வாரம் ஊதாவும் பச்சையுமாக இருந்தவை இப்போது சாக்பீஸ் குச்சிகளாக நின்றன. அடியில் மட்டும் உரிந்த தோல் போல ஏதோ ஒன்று தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"இது கல்லு இல்லையா டாக்டர்?"

"கல்லு மாதிரி வீடு கட்டிக்கிற உயிர்," என்றாள் அக்கா. "புதுத் தொட்டியில அவசரப்பட்டா இது ஒரு வாரம்கூட நிக்காது. ஆறு மாசம் வெறும் பாறையும் தண்ணியுமா ஓட விட்டேன். பழுப்புப் பாசி வந்துச்சு, தானா போச்சு. பச்சைப் பாசி வந்துச்சு, நத்தை விட்டேன், தின்னு தீர்த்துச்சு. தண்ணி பக்குவமான அப்புறம்தான் முதல் துண்டு வெச்சேன். விளக்கைக்கூட வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டினேன். மூணு தடவை வெச்சேன். மூணு தடவையும் பதினஞ்சு நாள் நல்லா இருந்துட்டு, இப்படி."

"மூணு மாசமாவே அக்காவுக்கு இதே நினைப்பு," என்று சுருக்கிடம் சொன்னான் கழுகு. "பல் பிடுங்க வந்தவங்ககிட்டகூட பவளத்தைப் பத்தித்தான் பேசுறாங்க."

"வாயைத் திறந்து வெச்சிருக்கிறவங்க எதிர்த்துப் பேச முடியாதில்ல, அதான்," என்றாள் சுருக்கு.

அக்கா சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிறவள். நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சின்ன வயசு டாக்டர் வருவாரு. இந்த க்ளினிக்கை அவருக்கு எழுதிக் குடுக்கணும்."

கழுகு நிமிர்ந்தான். "என்னது?"

"உங்க அத்தானுக்கும் எனக்கும் ஒரு பந்தயம். பையன் இருக்கிற ஊருக்கே போயிடலாம்னு அவர் ஒரு வருஷமா சொல்றாரு. எனக்கு இந்த இடத்தை விட மனசே இல்ல. தினம் இதே பேச்சு. சலிச்சுப் போயி ஒருநாள் நான்தான் சொன்னேன். இந்தத் தொட்டியில பவளம் பிழைச்சா இங்கேயே இருப்போம், பிழைக்கலைன்னா பேசாம உங்க பின்னாடி வந்துடுறேன்னு. மூணு வாய்ப்பு."

"இருபத்தாறு வருஷ க்ளினிக்கை வெச்சு யாராவது பந்தயம் கட்டுவாங்களா அக்கா?"

"அவ்வளவு நம்பிக்கை எனக்கு." கைக்குட்டை பிரிந்து மறுபடி மடிந்தது. "யாரோ ஏதோ செய்யறாங்க தம்பி. வெளியாளாத்தான் இருக்கும். இல்ல? நாலு மணிக்குள்ள அது யாருன்னு மட்டும் சொல்லு."

வெளியாள் என்ற சொல்லில் ஒரு கெஞ்சல் இருந்தது. கழுகின் காதில் அது விழுந்தது, மனதில் ஏறவில்லை.

அப்போது தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு அத்தான் வந்தார். எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். அறுபதைத் தாண்டியும் சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் வாசல் தாண்டாதவர். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் தோளில் கைவைத்தபடி ஒரு நிமிடம் நின்றார். பிறகு மைத்துனனைக் கண்ணால் ஜாடை காட்டி வாசற்படிக்கு அழைத்துப் போனார்.

"முதல்ல அந்தக் கண்ணாடியைக் குடு. காதுப் பக்கம் லொடலொடன்னு ஆடுது."

கழுகு கழற்றிக் கொடுத்தான். பதினோரு வயதிலிருந்து அவன் மூக்கில் ஏறிய கண்ணாடி எல்லாமே அத்தான் கை வேலை. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், சுவரில் முட்டிக்கொண்டு நின்ற பையனைக் கடைக்குத் தூக்கிப் போய் முதல் கண்ணாடியை மாட்டிவிட்டவர் அவர்தான். மரத்தில் தனித்தனியாக இலை இருக்கிறது என்று கழுகு அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான். அவன் துப்பறிந்த முதல் விஷயம் அது.

அத்தான் திருகை இறுக்கினார். பையிலிருந்து நிறமில்லாத நெயில் பாலிஷ் குப்பியை எடுத்து, குண்டூசி நுனியால் திருகின் தலையில் ஒரு சொட்டு வைத்து ஊதினார்.

"நாப்பது வருஷப் பழக்கம். திருகைத் தொட்டா ஒரு சொட்டு வெச்சுத்தான் விடுவேன். அப்புறம் அது தானா கழலாது." கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இதை ரொம்ப நோண்டாத. எனக்கு விஷயம் தெரியும். நம்ம நர்ஸ் பொண்ணுதான். பாவம், வேணும்னு செய்யல."

"நர்ஸா?"

"தொட்டி மேல உங்க அக்கா ஒரு சீட்டு ஒட்டியிருக்கா பாரு. 'தண்ணி குறைஞ்சா நல்ல தண்ணி ஊத்தவும்.' நீயும் நானும் நல்ல தண்ணின்னா குடிக்கிற தண்ணின்னு நினைப்போம். அந்தப் பொண்ணு, நல்லா கரைச்சு வெச்ச உப்புத் தண்ணியைத்தான் நல்ல தண்ணின்னு சொல்றாங்கன்னு நினைச்சு தினம் அதையே ஊத்தியிருக்கும். ஒரு வார்த்தையால வந்த வினை. உங்க அக்காகிட்ட சொன்னா அதுக்கு வேலை போயிடும். சொல்லாத. நாங்க கிளம்பிப் போயிடுறோம், எல்லாம் முடிஞ்சுடும்."

"நீங்க உப்பு அளந்து பார்த்தீங்களா?"

"நானா? உப்பு அளக்கிற அந்தக் குழலை அவ யாரையும் தொட விடமாட்டா. அதுல படிக்கவும் எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்கத் தெருவைக் கடந்து போனார். வேலைக்கு இருக்கும் பெண்ணுக்குக்கூட மனம் இளகும் மனிதர் என்று நினைத்துக்கொண்டான் கழுகு. சுருக்கிடம் விஷயத்தைச் சொன்னான்.

"கேஸ் முடிஞ்சுதா? பதினொண்ணரைக்கே முடிஞ்சா நமக்கு மரியாதை இல்லையே பாஸ். ஒரு மத்தியானமாவது இழுக்க வேண்டாமா?"

"நர்ஸை ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

நர்ஸ் பின்னறையில் இருந்தாள். ஞாயிறு விடுமுறையானாலும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வந்து போகிறவள், முப்பது வயதுக்காரி. அங்கே இரண்டு பீப்பாய்கள் நின்றன. வெள்ளைப் பீப்பாயில் வடிகட்டிய தண்ணீர், நீலப் பீப்பாயில் அக்கா கரைத்துவைத்த உப்புத் தண்ணீர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குவளை கவிழ்த்திருந்தது.

"தினம் காலையில எதிலேர்ந்து ஊத்துவீங்க?" என்றான் கழுகு.

"வெள்ளையிலேர்ந்துதான். தொட்டித் தண்ணி ஆவியா போகும், உப்பு போகாது. அதனால வெறும் தண்ணிதான் ஊத்தணும். டாக்டர் முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க."

"நல்ல தண்ணின்னா..."

அவள் அவனைப் பார்த்த பார்வையில், படித்தவன்தானா இவன் என்ற கேள்வி இருந்தது. "உப்புத் தண்ணியைப் போய் யாராவது நல்ல தண்ணின்னு சொல்வாங்களா சார்? குழாயில ரெண்டு வந்தா எது நல்ல தண்ணின்னு குழந்தைகூடச் சொல்லுமே." பிறகு குரல் இறங்கியது. "நான்தான்னு யாரு சொன்னாங்க? கண்ணாடிக்கடை சாரா? என்னைத் தன் பொண்ணு மாதிரின்னு சொல்வாரே."

சுருக்கு இரண்டு குவளைகளையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நீலப் பீப்பாயின் குவளை விளிம்பிலும் பிடியிலும் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. வெள்ளைப் பீப்பாயின் குவளை புதுமாப்பிள்ளை மாதிரி பளபளத்தது.

"ஒன்பது மாசமா ஒரே குவளையா?" என்றாள்.

"ஒரே குவளைதான்."

"உப்பு பட்டா காட்டிக் குடுக்காம இருக்காது பாஸ். என் கணவரோட சட்டைக் காலரைவிட மோசமான சாட்சி இது. இந்தக் குவளை உப்புத் தண்ணியை மோந்ததே இல்ல. இந்தப் பொண்ணை விட்டுடுங்க."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். சுவரில் ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்து சுருக்கு புரட்டினாள். அக்காவின் கையெழுத்தில் தினமும் ஒரு வரி: சூடு, சுண்ணாம்புச் சத்து, உப்பு. உப்பு என்ற இடத்தில் முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தைந்து. பவளத்துக்குத் தேவையான அளவு அதுதான். நேற்றும் இன்றும் மட்டும் அந்த இடம் காலியாக இருந்தது.

"சலிக்காம எழுதியிருக்காங்க. கோர்ட்டில சாட்சிங்க சொன்னதையே நான் இப்படி எழுதினதில்ல. ஒரு சந்தேகம் பாஸ்."

"என்ன?"

"உப்பு தினமும் சரியா இருக்கு. டாக்டரும் உப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. விளக்குன்னு சொல்லலாம், வியாதின்னு சொல்லலாம், பூச்சின்னு சொல்லலாம். உப்பு கூடித்தான் செத்துச்சுன்னு உங்க அத்தானுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கழுகு நோட்டை வாங்கி மூடி ஆணியில் மாட்டினான்.

"சும்மா ஒரு யூகமா சொல்லியிருப்பாரு," என்றான்.

"சும்மா சொன்னதுக்கு ஆள், இடம், வார்த்தை எல்லாம் ரெடியா இருந்ததே?"

"சுருக்கு, வாயை மூடுங்க." அவளிடம் அவன் அப்படிப் பேசியதில்லை. அவளும் உண்மையிலேயே மூடிக்கொண்டாள், அது இன்னும் பயமாக இருந்தது.

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த வண்ணமீன் கடைக்கு நடந்தார்கள். அக்காவுக்குப் பவளம் விற்றது அந்தக் கடைக்காரர்தான். பனியனோடு ஸ்டூல் மேல் நின்று ஒரு தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர், பாட்டிலைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். ஒரு துளி எடுத்துத் தன் குழலின் சாய்ந்த கண்ணாடியில் விட்டு, மூடி, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாப்பத்து மூணு."

"எவ்வளவு?"

"நாப்பத்து மூணுங்க. இதுல பவளமா வளர்க்கறீங்க, இல்ல உப்பளம் போடுறீங்களா? உறுதியான ரகம்னா கொஞ்ச நாள் தாங்கும். இந்த மெல்லிசான கிளை ரகம் பதினஞ்சு நாள்ல உரிஞ்சுடும்."

"எங்க குழல் முப்பத்தஞ்சுன்னு காட்டுதே?"

"அப்ப குழல் பொய் சொல்லுது. நான் விக்கும்போது என் கையால சரிபண்ணிக் குடுத்தேன். வெறும் தண்ணி ஒரு சொட்டு விட்டா பூஜ்யம் காட்டணும். மேல ஒரு குட்டித் திருகு இருக்கு, அதை யாரும் திருகாதவரைக்கும் மாறவே மாறாது." குழலைத் துடைத்தபடி சேர்த்துச் சொன்னார், "நேத்தும் இதேதான் காட்டுச்சு."

"நேத்தா?" கழுகும் சுருக்கும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒருத்தங்க பாட்டில்ல கொண்டு வந்தாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். கேக்காதீங்க."

அவர் முதுகுக்குப் பின்னால், தனியாக ஒரு சின்னத் தொட்டியில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு ஊதாக் கிளை நின்றது. உயிரோடு இருந்தது. மேலே ஒரு சீட்டில் 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதியிருந்தது. சுருக்கு அதைப் பார்த்தாள், கழுகு பார்க்கவில்லை. அவன் கண்முன் ஒரு குட்டித் திருகு மட்டும்தான் நின்றது.

திரும்பும் வழியில் சுருக்கு மெதுவாகச் சொன்னாள். "அளவு சரியா ஏறுதான்னு பார்க்க குற்றவாளியே வந்துட்டுப் போயிருக்கான் போல."

கழுகு தலையாட்டினான். அத்தான் பாட்டிலும் கையுமாக இந்தத் தெருவில் நடந்து வருவதை நினைத்துப் பார்க்க முயன்றான். முடியவில்லை. முடியக் கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

க்ளினிக்கில் அக்கா முன்னறையில் இருந்தாள். பின்னறை மேஜை இழுப்பறையைத் திறந்து குழலை எடுத்தான் கழுகு. வெள்ளைப் பீப்பாயிலிருந்து, நல்ல தண்ணி, ஒரே ஒரு துளி. மூடினான். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தான். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கோடே இல்லை. பூஜ்யத்துக்கும் கீழே எங்கோ இறங்கி மறைந்துவிட்டது.

அப்படியென்றால் குழல் முப்பத்தைந்து என்று சொல்லும்வரை அக்கா கூடுதலாக உப்பைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். வேறு யாரும் தொட்டிக்குள் கை விடவே இல்லை. அவளேதான், தினம் தினம், அளந்து அளந்து.

கிட்டப்பார்வைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. தூரத்தில் ஆள் தெரியாவிட்டாலும், மூக்குக்கு முன்னால் இருப்பது வெறுங்கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். கழுகு தன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். குழலை இரண்டு அங்குலத்துக்குக் கொண்டுவந்தான்.

திருகின் தலையில் நிறமில்லாத ஒரு சொட்டு காய்ந்து கெட்டியாகியிருந்தது. நடுவில் குண்டூசி எடுத்த இடத்தில் ஒரு பொட்டுக் குழி.

தன் கண்ணாடியை எடுத்துக் காலையில் இறுக்கிய திருகைப் பார்த்தான். அதே சொட்டு, அதே குழி. திருட்டு வேலை செய்யும்போதுகூட மனிதருக்குத் தொழில் சுத்தம் போகவில்லை. திருகைத் தொட்டால் ஒரு சொட்டு வைத்துத்தான் விடுவார்.

கழுகுக்கு அழுகை வந்தது. கோபம் வந்திருந்தால் தேவலை. இந்த மனிதர்தான் முதல் முதலாக இலை காட்டினார். அத்தான் காட்டியதையெல்லாம் இருபத்தேழு வருடம் அப்படியே நம்பிப் பார்த்திருக்கிறான்.

"பாஸ்," என்றாள் சுருக்கு. அவளிடம் அப்போது ஒரு ஜோக்கும் இல்லை. "டாக்டர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல."

மணி நாலுக்குப் பத்து நிமிடம். காத்திருப்பு அறையில் அக்கா தொட்டியின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றிருந்தார். மேஜையில் பேனாவும் தயாராக இருந்தது.

"கண்டுபிடிச்சியா?" என்றாள் அக்கா.

கழுகு அத்தானைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். "இல்லக்கா. ஒண்ணும் பிடிபடல."

சொன்னபோது அவன் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போனது. சின்ன வயதிலிருந்து பொய் சொன்னால் அந்தக் கை அங்கேதான் போகும். வளர்த்தவளுக்குத் தெரியாதா?

"உனக்குப் பொய் சொல்லவே வராதுடா." அக்கா எழுந்தாள். "நேத்து சாயங்காலம் கடைசிக் கிளையை எடுத்துக்கிட்டு மீன்கடைக்குப் போனது நான்தான். தண்ணியையும் கொண்டு போனேன். அப்புறம் வந்து குழலையும் பார்த்தேன். திருகையும் பார்த்தேன்."

கழுகு குழலைப் பிடித்திருந்த கையை முன்னால் கொண்டுவந்தான்.

"அப்புறம் எதுக்கு அக்கா என்னைக் கூப்பிட்ட?"

"என் கண்ணு தப்பா இருக்கணும்னு. நீ வந்து வேற யாரையாவது காட்டுவ, நான் உன்னை நம்பிடலாம்னு." அவள் தொட்டியின் பக்கம் திரும்பினாள். "வெளியாளா இருக்கும்னு சொன்னேனே. ஒரு வெளியாளைக் காட்டக் கூடாதா?"

அத்தான் இன்னும் புரியாதவர் போல நின்றார். "என்னம்மா, என்ன பேசிக்கறீங்க ரெண்டு பேரும்?"

அக்கா, கழுகின் கையிலிருந்த குழலை வாங்கினாள். பின்னறைக்குப் போய் நர்ஸின் குவளையில் தண்ணீர் மொண்டு வந்து, ஒரு துளி தொட்டு வைத்து, மூடி, கணவரிடம் நீட்டினாள்.

"வெறும் நல்ல தண்ணி. எவ்வளவு காட்டுதுன்னு படிச்சுச் சொல்லுங்க."

அது கேள்வி இல்லை, ஒரு வாய்ப்பு என்று கழுகுக்குப் புரிந்தது. சொல்லிவிடுங்கள் அத்தான் என்று மனதுக்குள் கத்தினான்.

அத்தான் குழலை வாங்கினார். கண்ணில் வைத்தார். இறக்கினார்.

"எனக்கு இதுல படிக்கத் தெரியாதேம்மா," என்றார்.

"நாப்பது வருஷமா ஊருக்கே கண்ணாடி போடுறவருக்கு," என்று சுருக்கு தனக்குள் சொல்வதுபோல் சொன்னாள்.

அக்கா கோட்டுப் பையிலிருந்து பல் நோண்டும் கொக்கிக் கம்பியை எடுத்தாள். குழலைத் திருப்பி வாங்கித் திருகின் தலையில் ஒரு நெம்பு நெம்பினாள். காய்ந்த சொட்டு மீன் செதில் மாதிரி பெயர்ந்து மேஜையில் விழுந்தது. அத்தான் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்தாறு வருஷமா எதிர்க்கடையில உக்காந்து உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்," என்றார். "இன்னும் ஒரு பேஷண்ட், இன்னும் ஒரு பேஷண்ட். பேரன் போன்ல தாத்தான்னு கூப்பிடுறான். எனக்கு வேற வழி தெரியல."

"நேரா தோத்திருந்தா சிரிச்சுக்கிட்டே வந்திருப்பேன். உப்பு ஈரம் வாங்கியிருக்கும், இன்னும் ஒரு கை போடுன்னு சொன்னீங்களே. நானும் போட்டேன். மூணு தடவையும் என் கையாலேயே கொல்ல வெச்சிட்டீங்க." அவள் குரல் உடைந்தது. "ஒவ்வொரு தடவையும் என் பக்கத்துல உக்காந்து அழுதீங்களே, அதுகூடப் பொய்யா?"

"அழுதது நிஜம்மா."

"அதைத்தான் என்னால தாங்க முடியல."

வாசல் மணி அடித்தது. சின்ன வயது டாக்டர், கையில் கோப்போடு சிரித்தபடி நின்றிருந்தார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

"மன்னிக்கணும் டாக்டர், உங்களை வீணா அலைய வெச்சுட்டேன். இந்த இடத்தை நான் விடல. மீன்கடையில என் பவளம் ஒண்ணு இன்னும் பிழைச்சிருக்கு. நாளைக்குப் புதுத் தண்ணி கரைக்கணும்."

அவர் குழம்பிப்போய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அக்கா திரும்பி வரவில்லை. நேராகப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

கழுகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டப் போனான். பின்னறையில் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன் என்று அதன் சொட்டை நகத்தால் சுரண்டிவிட்டிருந்தான் போலிருக்கிறது. திருகு உருண்டு விழுந்து ஒரு காது தொங்கியது. அத்தான் குனிந்து திருகைப் பொறுக்கினார். அவர் கை தானாகவே சட்டைப் பைக்குப் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தது.

"குடு தம்பி," என்றார்.

கழுகு கண்ணாடியை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"வேண்டாம் அத்தான்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அந்த முகம் எப்படி இருந்தது என்று கழுகுக்குத் தெரியவில்லை. நாலடி தள்ளி ஆளா அலமாரியா என்றே தெரியாத தூரத்தில் அது இருந்தது. அவன் கதவைத் தடவிக்கொண்டு வெளியே வந்தான். தெரு முழுக்க வெளிச்சமும் புகைமூட்டமுமாகக் கலங்கித் தெரிந்தது, பாதி கண்ணாடி இல்லாததால், பாதி கண்ணீரால்.

சுருக்கு வந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு படி இருக்கு பாஸ்," என்றாள். "மெதுவா இறங்குங்க."